சப்வூஃபருக்கு ஆம்ப்ளிஃபையர் கெயினை எதுவரை திருப்பலாம்?

காரில் சப்வூஃபர் மாட்டியாயிற்று, கெயினை எங்கே நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். கெயின் என்பது இன்னொரு வால்யூம் அல்ல. ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலின் வோல்டேஜுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்துகிற திருகு, அவ்வளவுதான். ஸ்டீரியோ 4 வோல்ட் கொடுத்தால் குறைவாகவும், 2 வோல்ட் கொடுத்தால் கூடுதலாகவும் திருப்ப வேண்டியிருக்கும்.

இதில் காதை நம்ப வேண்டாம். மல்டிமீட்டர் ஒன்று போதும். சப்வூஃபர் வயர்களைக் கழற்றி, கெயினை அடிமட்டத்துக்குக் குறையுங்கள். பேஸ் பூஸ்ட்டும் ஈக்வலைசரும் பூஜ்யத்தில் இருக்கட்டும். ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, முழு அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் முனைகளில் வையுங்கள். வாட்டை, சப்வூஃபரின் மின்தடையான ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிறுத்த வேண்டிய வோல்டேஜ் கிடைக்கும். 300 வாட், 4 ஓம் என்றால் 1200-இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 34.6. மீட்டர் அதைக் காட்டும்வரை மெல்லத் திருப்புங்கள்.

அந்த 300, ஆர்எம்எஸ் வாட்டாக, அதாவது தொடர்ந்து தரவோ தாங்கவோ கூடிய வாட்டாக இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபர் இரண்டில் எது குறைவோ அது. பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்த உச்ச வாட்டை வைத்து நான் ஒருமுறை கணக்குப் போட்டேன். அலையின் முகடு வெட்டுப்பட்டு, சப்வூஃபருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூடேறி, அரை மணி நேரத்தில் டிக்கியிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. பிற்பாடு பேஸ் பூஸ்ட்டைக் கூட்டினால் மறுபடி அளக்க வேண்டும்.