செயற்கைக்கோள் என் வயலின் அமோனியாவைக் காட்டுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு வேலி (ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர்) நெல் சாகுபடி. வயலில் போடும் யூரியா அமோனியாவாக ஆவியாகிப் போவதை செயற்கைக்கோள் வைத்துக் கணக்கெடுக்கிறார்கள் என்று பேரன் செல்போனில் ஒரு வரைபடம் காட்டினான். வடக்கே கங்கைச் சமவெளி முழுக்க ஒரே சிவப்பு. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. அப்படியானால் எங்கள் யூரியா வீணாகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? குறுவையில் நட்ட பத்தாம் நாள், நிற்கிற தண்ணீரிலேயே ஏக்கருக்கு 2 மூட்டை வீசுகிறேன். இப்போது வருவது வேப்ப எண்ணெய் பூசிய யூரியா. அது ஆவியாகாதுதானே?

பதில்: வணக்கம் ஐயா. பேரன் காட்டிய படம் உண்மையானதுதான். ஆனால் அதைப் பார்த்து உங்கள் வயலுக்கு நற்சான்று எழுதிவிட முடியாது.

அந்தப் படங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவின் மெட்ஆப் செயற்கைக்கோள்களில் உள்ள ஐயாசி என்ற கருவி எடுத்தவை. முதல் மெட்ஆப் 2006-ல் மேலே போனது. சுமார் 820 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரை அது பார்க்கிறது. அந்தக் கதிர் மேலே வரும் வழியில் அமோனியா இருந்தால், 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய சில இடங்களில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். விழுங்கிய அளவை வைத்து, தரையிலிருந்து வானம் வரைக்கும் உள்ள காற்றில் மொத்தம் எவ்வளவு அமோனியா என்று கணக்கிடுகிறார்கள்.

இதில் முதல் சிக்கல், அதன் ஒரு புள்ளியின் அகலம். நேர் கீழே பார்க்கும்போதே ஒரு புள்ளி 12 கிலோமீட்டர் விட்டம். ஏக்கரில் சொன்னால் ஏறத்தாழ 28,000, உங்கள் கணக்கில் நாலாயிரம் வேலிக்கு மேல். உங்கள் ஒரு வேலி, பக்கத்து ஊர் மாட்டுக் கொட்டகைகள், எருக்குழிகள், சாலை, குளம் எல்லாம் சேர்ந்துதான் அதற்கு ஒரே புள்ளி.

இரண்டாவது, படத்தில் உள்ள நிறம் காற்றில் நிற்கும் அளவு. வயலிலிருந்து கிளம்பிய அளவு வேறு. கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டிப் பார்த்தால் தெரிவது நிற்கிற தண்ணீர். ஊற்று எவ்வளவு என்று சொல்ல, இறைப்பு எவ்வளவு என்றும் தெரிய வேண்டும். அமோனியாவுக்கு இறைப்பு பல வழிகளில் நடக்கிறது. இலையிலும் மண்ணிலும் படியும், மழையில் கரைந்து இறங்கும், காற்றோடு அடித்துப் போகும். புகையிலிருந்து வரும் கந்தக அமிலம், நைட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து நுண்துகளாகவும் மாறும். ஊருக்கு இதில் அக்கறை வந்ததே அந்த நுண்துகள் நெஞ்சுக்குள் போவதால்தான். இப்படி எல்லாம் போக, காற்றில் அதன் ஆயுள் சில மணி நேரத்திலிருந்து ஒரு நாள் சொச்சம்.

கணக்கு இப்படி. ஒரு வட்டாரத்துக்கு மேலே 6 டன் அமோனியா எப்போதும் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் 12 மணி நேரம் என்றால் நாளொன்றுக்கு 12 டன் கிளம்பியாக வேண்டும். ஆயுள் 6 மணி நேரம்தான் என்றால் 24 டன். படம் அதேதான், விடை இரட்டிப்பு. இந்த ஆயுளை எப்படி நிர்ணயிப்பது என்பதில்தான் ஆராய்ச்சியாளர்களின் சண்டையே. கங்கைச் சமவெளி அவ்வளவு சிவப்பாகத் தெரிவதற்கு அங்கே கொட்டும் யூரியா முதல் காரணம். கூடவே, வெயில் காலத்தில் அங்கே அமோனியா நுண்துகளாக மாறாமல் வாயுவாகவே நிற்பதும் சேர்ந்துகொள்கிறது.

மூன்றாவது நம் டெல்டாவுக்கே உரியது. வெப்பக் கதிர் மேகத்தை ஊடுருவாது. சம்பாவுக்கு ஐப்பசி, கார்த்திகையில் மேலுரம் போடும்போது வானம் மூடிக் கிடக்கும். அந்த நாட்களில் கருவிக்கு நம் வயல் இல்லவே இல்லை. தெளிந்த வானமானாலும் காலை ஒன்பதரை, இரவு ஒன்பதரை வாக்கில்தான் அது தலைக்கு மேல் வரும். வயலில் அமோனியா அதிகம் கிளம்புவது மதிய வெயிலில். அமெரிக்கச் செயற்கைக்கோளில் உள்ள கிரிஸ் கருவி மதியம் ஒன்றரைக்கு வருகிறது என்பது ஓரளவு ஆறுதல்.

இவ்வளவு குறை சொன்னதால் வேலைக்கு ஆகாதது என்று நினைக்க வேண்டாம். உர விற்பனை, மாடு கோழி எண்ணிக்கை இவற்றைப் பெருக்கிப் போடும் ஏட்டுக் கணக்கைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. பல ஆண்டுப் படங்களை ஒன்றாக அடுக்கிச் சலித்து 2018-ல் வந்த ஆய்வு, உலகில் 248 இடங்களை ஊற்றுக்கண்ணாகக் குறித்தது. பெரும்பாலும் கால்நடைப் பண்ணைகளும் உரத் தொழிற்சாலைகளும்தான். ஒன்றே ஒன்று இயற்கை, தான்சானியாவின் நேட்ரான் ஏரி. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு இடங்களில் ஏட்டில் இருந்த அளவு, உண்மை அளவில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான்.

இனி உங்கள் வயலுக்கு வருவோம். அங்கே செயற்கைக்கோளை விட நாலணா காகிதம் நன்றாகப் பேசும். போன குறுவையில் ஒரு வயலில், காலை எட்டு மணிக்கு தண்ணீரில், காரத்தன்மையை எண்ணாகக் காட்டும் பி.எச். தாளை நனைத்தபோது 7.5 காட்டியது. மதியம் இரண்டு மணிக்கு அதே மடையோரம், அதே தண்ணீர், 9-ஐத் தொட்டுவிட்டது. பாசி வெயிலில் தண்ணீரில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் காரத்தன்மை ஏறுகிறது. ஏறினால், யூரியா கரைந்து உண்டான அம்மோனியம் அமோனியா வாயுவாக மாறிக் கிளம்பும். அதன் மேல் ஆடிக்காற்று. பயிரோ பத்து நாள் பிள்ளை, தண்ணீரை மூட இலை இல்லை, உறிஞ்ச வேர் இல்லை. நீங்கள் 2 மூட்டை வீசுவது இந்த நேரத்தில்தான். நிலைமை மோசமானால் போட்ட தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பாதிகூடப் போகலாம்.

வேப்ப எண்ணெய் இதைத் தடுக்காது. 2015-லிருந்து உள்நாட்டு யூரியா முழுக்கவும் பூச்சோடுதான் வருகிறது. அதன் வேலை அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துவது. அமோனியாவாகப் பறப்பது அதற்கு முந்தைய படி.

மாலையில் போட்டால் போதும் என்பார்கள். அது பாதிதான் சரி. யூரியா கரைந்து அம்மோனியமாக மாற ஒன்றிரண்டு நாள் ஆகும், மறுநாள் மதியம் வந்துதானே தீரும்?

டெல்டா குறுவைக்கான பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு மொத்தமே மூன்று மூட்டை யூரியாவுக்குள் அடங்கும், டி.ஏ.பி. உரம் போட்டால் அதில் உள்ள தழைச்சத்தையும் கழிக்க வேண்டும். நீங்கள் ஒரே வீச்சில் இரண்டைத் தீர்க்கிறீர்கள். நான்காகப் பிரியுங்கள்: அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது. போடுவதற்கு முன் தண்ணீரை வடித்து, சேறு தெரியும் பதத்தில் வீசி, அன்றே கோனோவீடர் (கையால் தள்ளும் களைக் கருவி) ஓட்டி மண்ணுக்குள் தள்ளிவிடுங்கள். ஓரிரு நாள் கழித்துத் தண்ணீர் கட்டலாம். யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4, வேப்பம் புண்ணாக்கு 1 என்று கலந்து ஓர் இரவு வைத்துப் போடுவதும் நல்லது. மேலுரம் தேவையா என்பதற்கு, இலையின் பச்சையை ஒப்பிட்டு எண் சொல்லும் இலை வண்ண அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை பார்த்து, நிறம் 4-க்குக் கீழே இறங்கினால் மட்டும் போடலாம். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு அந்த எல்லை 3.

அடுத்த மேலுரத்துக்கு ஒரு மா நிலத்தை (வேலியில் இருபதில் ஒரு பங்கு) மட்டும் பழைய முறையில் விட்டுவிட்டு, மற்றதை இப்படிச் செய்யுங்கள். பத்து நாள் கழித்து இரண்டு பக்கத்து நிறத்தையும் அட்டையில் வைத்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.