பழைய சீத்தைத் துணியில் மயிரிழைக் கோடுகள் எப்படி விழுந்தன?

யாழ்ப்பாணத்தில் பெட்டிக்குள் கிடந்த அம்மம்மாவின் சீத்தையில் இதழ் நரம்புகூடத் தெரிகிறது, இது மரக்கட்டை அச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு மெல்லிய கோடு என்றால் பெரும்பாலும் செதுக்கிய செப்பு றோலர் அச்சுத்தான். ஸ்கொட்லாந்துக்காரர் தோமஸ் பெல் 1783 இல் காப்புரிமை பெற்ற முறை.

மரக்கட்டையில் மேடு சாயம் பிடிக்கும். றோலரில் பள்ளம் பிடிக்கும். பொழிந்த அம்மியில் சம்பலை வழித்தெடுத்த பிறகும் குழிகளுக்குள் கொஞ்சம் மிஞ்சிக் கிடக்குமே, அதே கதை. தொட்டியில் சுழலும் உருளையொன்று செப்பு றோலர் முழுக்கச் சாயப்பசையைப் பூசும். உடனே மெல்லிய எஃகுத் தகடொன்று மேற்பரப்பை வழித்துவிடும். தொழிலில் அதற்கு 'டொக்டர்' என்று பெயர். பள்ளத்தில் நின்ற பசையோடு றோலர் பெரிய இரும்புருளையில் அழுந்தும்போது, நடுவில் போகும் துணி அதை உறிஞ்சிக்கொள்ளும். இரும்புருளையில் மெத்தென்ற துணி சுற்றியிருக்கும். அந்த நெகிழ்வுதான் துணியைப் பள்ளத்துக்குள் தள்ளுகிறது.

அகலமான இலையை அப்படியே குடைந்தால் தகடு உள்ளே இறங்கிப் பசையை வாரிவிடும். அதனால் குழிக்குள் நெருக்கமாகச் சரிவரிகளை விட்டுச் செதுக்குவார்கள், தகடு அவற்றின் முகடுகளில் ஊர்ந்து போகும். பூதக்கண்ணாடியில் சில துணிகளில் அந்த வரிகளே தெரியும்.

நிறம் ஒன்றுக்கு ஒரு றோலர். முன் விழுந்த சாயம் காயுமுன் அடுத்த றோலர் அதை நசுக்கும், கொஞ்சத்தைத் தன் தொட்டிக்கும் கொண்டுபோகும். ஆகவே பொதுவாக வெளிர்நிறம் முதலில், கடும்நிறம் பின்னால்.

பிழைகளில் பல டொக்டரின் வேலை. தகட்டுக்கடியில் ஒரு மணலோ நூல்தும்போ சிக்கினால் துணி நீளத்துக்குக் கோடு விழும். தகடு பக்கவாட்டில் அசைந்துகொண்டே வழிப்பதால் அக்கோடு பாம்புபோல நெளியும். தும்பைத் தடுக்கவே அச்சடித்த பக்கத்தில் இன்னொரு தகடு, பித்தளையில். அழுத்தம் குறைந்தால் வெள்ளைத் தரையில் மங்கல் படியும். றோலரிலேயே கீறல் இருந்தால் அதே புள்ளி ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும்.

அளவுநாடாவை எடுத்துக் கோலம் திரும்ப வரும் தூரத்தை அளந்து பாருங்கள். அது றோலரின் சுற்றளவை மீறாது. வழக்கமாக 40 சென்ரிமீற்றர் அளவு, அல்லது அதைச் சமமாகப் பிரிக்கும் அளவு. 64 வந்தால் பின்னாளைய உருளை ஸ்கிரீன் அச்சை, அதாவது நுண்துளை உருளையின் உள்ளிருந்து சாயத்தைத் துணிக்குத் தள்ளும் முறையை, சந்தேகியுங்கள். கோலம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விலகி விழுந்திருந்தால் மட்டும் மரக்கட்டையை நினைக்கலாம்.