தந்தி அடிக்கலாம் வாங்க! கிட்டார் கேள்வி பதில்

கேள்வி: என் வீட்டுக்காரர்கிட்ட ஏற்கெனவே மூணு கிட்டார் இருக்கு, இப்ப நாலாவது வேணுமாம். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு சவுண்டுங்கிறார். எனக்கு எல்லாத்துலயும் அதே ஒரு பாட்டோட ஆரம்பம்தான் கேக்குது, அந்தப் பாட்டு முடிஞ்சு நான் பார்த்ததே இல்ல. அவர் சொல்றது நிஜமா?

பதில்: பாதி நிஜம், மீதி ஆசை. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல், ஸ்டீல் கம்பி அகூஸ்டிக், எலெக்ட்ரிக், இது மூணும் உண்மையிலேயே வேற வேற ரகம், நெக்கோட (விரல் வச்சு அமுக்குற நீளக் கட்டை) அகலம்கூட மாறும், ஒண்ணுல வர்றது இன்னொண்ணுல வராது. ஆனா இருக்கிற மூணும் ஸ்டீல் கம்பி அகூஸ்டிக், கேக்குற நாலாவதும் அதேதான்னா அது சவுண்டு இல்ல மேடம், வியாதி. முதல்ல இருக்கிறதுல ஒண்ணுக்குப் புது கம்பி மாட்டச் சொல்லுங்க, வேர்வையும் அழுக்கும் ஏறின கம்பி மந்தமாத்தான் கேக்கும், அதைக் கேட்டுக் கேட்டே பல பேருக்கு புது கிட்டார் ஆசை வருது.

பாட்டு ஏன் முடியலைன்னா, ஆரம்பம் எப்பவும் ஈஸி, நடுவுல எஃப் கார்ட் (கார்ட்னா பல சுரத்தைச் சேர்த்து வாசிக்கிறது) மாதிரி ஒண்ணு வரும், ஒரே விரலால ஆறு கம்பியையும் அமுக்கணும், அங்க வந்ததும் சார் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சிடுவார். "ஒரு பாட்டு முழுசா வாசிங்க, அப்புறம் நாலாவதைப் பத்திப் பேசலாம்"னு சொல்லிப் பாருங்க. ஒண்ணு பாட்டு முடியும், இல்ல பேச்சு முடியும்.

கேள்வி: எங்க பூனை கிட்டார் கேஸைத் திறந்தாலே உள்ள போய்ப் படுத்துக்குது, ஆம்ப் (சத்தத்தைப் பெருக்குற பெட்டி) முன்னாடி இருக்கிற துணியையும் பிராண்டி நாசம் பண்ணிடுச்சு. கிட்டாருக்கு ஏதாவது ஆயிடுமா?

பதில்: கேஸ்ல படுத்தா முடி ஒட்டும், அவ்வளவுதான். ஆம்ப் துணி பூனைக்கு நகம் தீட்ட ஏத்த சொரசொரப்புல இருக்கு, பக்கத்துலயே கயிறு சுத்தின கட்டை ஒண்ணு வைங்க, வாசிக்காதப்ப ஆம்பை மூடி வைங்க.

நான் பயப்படுறது கிட்டாருக்கு இல்ல, பூனைக்கு. கம்பி மாத்தும்போது வெட்டிப் போடுற துண்டு இருக்கே, அதுதான் வில்லன். பூனை நாக்குல இருக்கிற முள்ளெல்லாம் உள்பக்கம் பார்த்து இருக்கும், நூல் மாதிரி எது வாயில மாட்டினாலும் துப்ப முடியாம முழுங்கிடும், நைலான் துண்டா இருந்தா ஒரு முனை எங்கயாவது சிக்கிக்கிட்டு குடலையே சுருட்டி அறுத்துடலாம், ஆபரேஷன் வரைக்கும் போகும். வாய்லயோ பின்னாலயோ கம்பி முனை தொங்குறதைப் பார்த்தா தயவுசெஞ்சு இழுக்காதீங்க, நேரா டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. கம்பி மாத்துற அன்னைக்குப் பூனையை வேற ரூம்ல விட்டுட்டு, துண்டையெல்லாம் மூடி போட்ட டப்பால போட்டுட்டு, அப்புறமா கதவைத் திறங்க.

கேள்வி: நான் வாசிச்சா நாய் ஊளையிடுது. அவ்ளோ மோசமாவா வாசிக்கிறேன்?

பதில்: நீட்டி ஒலிக்கிற சுரத்தைக் கேட்டா சில நாய் கூடச் சேர்ந்து குரல் கொடுக்கும், விமர்சனமா எடுத்துக்காதீங்க. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ்தான் எல்லை, அதுக்கு 45,000 வரைக்கும் கேக்கும். காதை மடக்கி வாலைச் சுருட்டுதுன்னா சத்தம் பிடிக்கல. கதவைத் திறந்து வைங்க, ஊளையிட்டுக்கிட்டே அங்கயே உக்காந்திருந்தா அது ரசிகர்தான்.

கேள்வி: என் பொண்ணும் நானும் சேர்ந்து ஒரு மரப்பெட்டியை வச்சு கிட்டார் செய்யலாம்னு இருக்கோம். ரெண்டு பேருக்கும் தச்சு வேலை அரைகுறைதான். ஒழுங்கா வருமா, இல்ல சும்மா ஷோவுக்கா?

பதில்: வரும்! இந்த மாதக் கேள்விகள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். இங்கிலாந்து ராக் பேண்டான குவீனோட கிட்டாரிஸ்ட் பிரையன் மே 1963ல, டீன் ஏஜ்ல, அப்பாவோட சேர்ந்து வீட்லயே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய ஆரம்பிச்சார், நெக்குக்குப் பழைய நெருப்படுப்புக்கு மேல இருந்த மரம், அதுல புழு அரிச்ச ஓட்டையைத் தீக்குச்சியால அடைச்சாங்க, ஃப்ரெட்போர்டுல (நெக் மேல ஃப்ரெட்டுங்கிற குறுக்குக் கம்பி பதிச்ச பலகை) இருக்கிற புள்ளிக்கு அம்மாவோட தையல் பெட்டியில இருந்த பட்டன், சுரத்தை ஆட்டுற டிரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வ் ஸ்பிரிங். வேலை முடிய ரெண்டு வருஷம் ஆச்சு, அப்புறம் குவீன் ரெக்கார்டிங்ல பெரும்பாலும் அவர் வாசிச்சது அந்த கிட்டார்தான்.

நீங்க மூணு கம்பியோட ஆரம்பிங்க. நெக் கட்டையைப் பெட்டிக்குள்ள ஒரு முனையில விட்டு மறுமுனையில வெளிய வர்ற மாதிரி வைங்க, அப்பதான் கம்பியோட இழுவை கட்டைக்குப் போகும், இல்லேன்னா மெல்லிசான மூடி தாங்காது (சாதாரண ஆறு கம்பி ஸ்டீல் அகூஸ்டிக்ல மொத்த இழுவை எழுபது கிலோவையே தாண்டும், சும்மா இல்ல). கடையில விக்கிற அகூஸ்டிக் செட்ல 5, 4, 3ஆம் கம்பியை எடுத்து ஜி, டி, ஜின்னு ட்யூன் பண்ணுங்க, அஞ்சாவதை மட்டும் ஏ சுரத்துல இருந்து கொஞ்சம் இறக்கணும். இந்த ட்யூனிங்ல ஒரே விரலைக் குறுக்கே வச்சாலே கார்ட் மாதிரி கேக்கும், பொண்ணு அன்னைக்கே வாசிக்க ஆரம்பிச்சிடும்.

பெட்டி கோணலா இருக்கலாம், பெயின்ட் வழியலாம், ஒரு குறையும் இல்ல. ஃப்ரெட் இடம் மட்டும் தப்பக்கூடாது, அங்க மட்டும் உங்க பிடிவாதத்தைக் காட்டுங்க. நட்டுல (நெக் உச்சியில கம்பியைத் தாங்குற கட்டை) இருந்து பிரிட்ஜ் (பெட்டி மேல கம்பியைத் தாங்குற கட்டை) வரைக்கும் 600 மில்லிமீட்டர்னு வைங்க, அதை 17.817ஆல வகுத்தா 33.7, முதல் ஃப்ரெட் நட்டுல இருந்து அவ்ளோ தூரத்துல. மீதி இருக்கிற நீளத்தைத் திரும்ப அதே எண்ணால வகுத்தா 31.8, அது அடுத்த இடைவெளி, இப்படியே போய்க்கிட்டே இருந்தா 12ஆவது ஃப்ரெட் சரியா பாதியில, 300ல வந்து நிக்கணும், நிக்கலைன்னா கணக்குல எங்கயோ கோட்டை விட்டிருக்கீங்க. ஒவ்வொரு இடைவெளியையும் தனித்தனியா ஸ்கேல் வச்சு அளந்து கோடு போடாதீங்க, சின்னச் சின்னத் தப்பு சேர்ந்துக்கிட்டே போகும், எல்லாத்தையும் நட்டுல இருந்தே அளங்க.

பிரிட்ஜை ஒட்டிடாதீங்க, சும்மா நிறுத்தி வைங்க, கம்பி அழுத்தத்துல நிக்கும். 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேல கம்பியை லேசா தொட்டு ஹார்மோனிக் (மணி மாதிரி வர்ற மெல்லிய சுரம்) எடுங்க, அப்புறம் அதே ஃப்ரெட்ல அமுக்கி வாசிங்க. அமுக்கினது ஏத்தமா கேட்டா பிரிட்ஜைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க, இறக்கமா கேட்டா முன்னால. இவ்ளோ கணக்கு இப்ப வேண்டாம்னா ஃப்ரெட்டே இல்லாம கண்ணாடிக் குழாய் வச்சு வழுக்கி ஸ்லைடு வாசிக்கலாம், அதுவும் ஒரு ஸ்டைல்தான். ஆம்ப்ல போடணும்னா மூடிக்கு உள்பக்கம் ஒரு பியெசோ தட்டை (அதிர்வை மின் சிக்னலா மாத்துறது) ஒட்டி ஜாக்ல இணைச்சா போதும். ஆம்பையும் வீட்லயே செய்யலாமேன்னு அடுத்து தோணும், வால்வ் (பழைய ரேடியோவுல இருந்த கண்ணாடிக் குழாய்) ஆம்ப் பக்கம் மட்டும் போகாதீங்க, பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள கெபாசிட்டர்ல உயிரை எடுக்கிற வோல்டேஜ் தங்கியிருக்கும்.

கேள்வி: பையனுக்கு 7 வயசு. என் கிட்டாரைத்தான் வாசிப்பேன்னு அடம். கை எட்டல.

பதில்: உகுலேலே வாங்கிக் கொடுங்க. நாலே நைலான் கம்பி, விரல் வலிக்காது. உங்க கிட்டார்ல 5ஆவது ஃப்ரெட்ல கேபோ (எல்லாக் கம்பியையும் ஒண்ணா அமுக்குற கிளிப்) போட்டா கீழ இருக்கிற நாலு மெல்லிசு கம்பியும் உகுலேலேவோட சுரமேதான் (ஜி மட்டும் அதுல ஒரு ஸ்தாயி மேல இருக்கும்), அதனால ரெண்டு பேரும் ஒரே விரல் அமைப்பைப் பார்த்துப் பார்த்தே சேர்ந்து வாசிக்கலாம். உங்க கிட்டாரையும் பூட்டி வைக்காதீங்க, சாயந்திரம் கொஞ்ச நேரம் தட்டட்டும், ட்யூனிங் கீயைத் திருகாத வரைக்கும் ஓகே.