மாசா மாசம் பில்லு, போகத்துக்கு ஒரு தடவ காசு

கேள்வி: அக்கா, எனக்கு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். தனியார் ஸ்கூல்ல ஆபீஸ் வேலை, சம்பளம் 18,000. வீட்டுக்காரர் ஒம்பது மா, அதாவது மூணு ஏக்கர் நெலத்துல வெள்ளாம பண்றாரு. சம்பளம் போடுற பேங்குலயே கிரெடிட் கார்டு குடுத்தாங்க. ஃப்ரிட்ஜ், நாத்தனார் வளைகாப்பு சீர், குறுவைக்கு ஒரம், பூச்சிமருந்துன்னு எல்லாத்தையும் அதுல தேய்ச்சு இப்ப 1,20,000 நிக்கிது. பில்லுல போட்டிருக்க மினிமம் 6,000த்த தவறாம கட்டுறேன், கடன் கொறைய மாட்டேங்குது. குறுவை அறுத்தா கட்டிடலாம்னு இருந்தேன், அந்தக் காசு சம்பா நடவுக்கே சரியாப் போச்சு. வீட்டுக்காரருக்கு முழுத்தொகை தெரியாது. வெளில டீ கூட குடிக்கிறதில்லக்கா, இன்னும் எதக் கொறைக்கிறது?

பதில்: டீய குடிம்மா. உங்க வீட்டுலயே இப்ப பெரிய செலவு அந்த வட்டிதான், மொதல்ல கொறைக்க வேண்டியதும் அதத்தான். கார்டு வட்டி பெரும்பாலும் மாசத்துக்கு மூணுலேர்ந்து மூணேமுக்கால் சதவீதம் வரைக்கும் போகும், உங்களுக்கு மூணரைன்னு வச்சுக்குவோம். 1,20,000த்துக்கு ஒரு மாச வட்டி 4,200, அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 756, ஆக 4,956. நீங்க கட்டுற 6,000த்துல அசலுக்குப் போறது ஆயிரம் ரூவா சொச்சந்தான், அந்த மாசமே கார்டுல ரெண்டாயிரத்துக்கு சாமான் வாங்குனீங்கன்னா அதுவும் போச்சு.

இன்னொன்னு நெறைய பேருக்குத் தெரியறதில்ல, பழைய பாக்கி நிக்கிற வரைக்கும் புதுசா வாங்குறதுக்கு அந்த நாப்பது அம்பது நாள் வட்டியில்லா சலுகை கெடையாது, தேய்ச்ச அன்னிலேர்ந்தே வட்டி ஓட ஆரம்பிச்சுடும். அதனால இன்னிக்கே கார்ட உள்ள வைங்க. ரூபே கார்டா இருந்து போன்ல யுபிஐயோட சேத்து வச்சிருந்தீங்கன்னா அதையும் எடுத்துடுங்க, காய்கறிக் கடையில ஸ்கேன் பண்றப்ப எந்தக் கணக்குலேர்ந்து போவுதுன்னே கவனிக்காம எத்தனையோ பேரு கடன்ல காய் வாங்கிட்டு இருக்காங்க.

உங்க லெட்டர்ல எனக்கு மனசு கஷ்டமானது ஒரம் வாங்குன விஷயம். டெல்டால நம்ம காசு போகத்துக்குப் போகம் மொத்தமா வருது, கார்டு பில்லு மாசா மாசம் வருது, ரெண்டும் ஒத்தே போகாது. வெள்ளாம செலவ கார்டுல போடவே கூடாதும்மா. உங்க ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்துல உறுப்பினரா சேந்து, விஏஓகிட்ட சிட்டா அடங்கல் வாங்கிக் குடுத்தா பயிர்க்கடன் கெடைக்கும், கெடுவுக்குள்ள திருப்பிக் கட்டிட்டா வட்டியே இல்ல. வருஷத்துக்கு 42 சதவீதம் எங்க, வட்டியே இல்லாத கடன் எங்க! சம்பாவுக்கு மேலுரம் போடறதுக்கு முன்னாடியே போய் கேளுங்க.

அடுத்தது நகை. அடகு வைக்கச் சொல்ல எனக்கே சங்கடமாத்தான் இருக்கு, ஆனா கணக்கு அப்படி. தேசிய வங்கியிலயோ கூட்டுறவு வங்கியிலயோ நகைக்கடன் வருஷத்துக்கு பத்து சதவீதம்னு வைங்க, 1,20,000த்துக்கு மாச வட்டி 1,000 ரூவா. கார்டுலயே மாசம் பத்தாயிரம் கட்டுனா முடிய பதினேழு மாசம் ஆகும், நகைய வச்சு கார்ட அடைச்சுட்டு அதே பத்தாயிரத்த அங்க கட்டுனா பதிமூணு மாசம். மிச்சம் நாப்பதாயிரத்துக்கு மேல. ஊர் அடகுக்கடைக்குப் போகாதீங்க, அங்க வட்டி ஜாஸ்தி. இடையில பகுதி பகுதியா அசல் கட்டலாமான்னும் கேட்டுட்டு வைங்க. கார்டு பாக்கி முடிஞ்ச அன்னிக்கே கார்ட மூட எழுதிக் குடுங்க. பாக்கி இல்லாத கார்ட ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும், லேட்டானா ஒரு நாளைக்கு 500 ரூவா பேங்கு உங்களுக்குத் தரணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. மூடாம விட்டா நகையும் போயி கார்டும் திரும்ப ரொம்பிடும், இது நான் நெறைய வீட்டுல பாத்தது.

இப்ப கட்டுற ஆறாயிரத்தோட இன்னும் நாலாயிரம் எங்கேர்ந்து வரும்னு கேப்பீங்க. ஸ்கூலுக்கு ஸ்கூட்டில போறீங்கன்னா டவுன் பஸ்சுக்கு மாறுங்க, பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. ஓடிடி, ஆன்லைன்ல பொடவ இதெல்லாம் ஒரு வருஷம் நிக்கட்டும். நகைச்சீட்டு ஏதும் கட்டுனீங்கன்னா அது முடிஞ்சதும் புதுசு சேராதீங்க, அடகுல இருக்க நகைய மீக்கறதே சேமிப்புதான். மொய்ய நிறுத்தச் சொல்ல மாட்டேன், அது நமக்கு செஞ்சவங்களுக்குத் திருப்பிச் செய்யறது, நோட்டுல இருக்கு. ஆனா மொய்க்கு மேல எடுக்கற பட்டுப்பொடவயும் வெள்ளிச் சாமானும் நாமளா இழுத்துக்கறது, அத கொறைக்கலாம்.

எல்லாத்துக்கும் முன்னாடி வீட்டுக்காரர்கிட்ட முழுத்தொகையும் சொல்லிடுங்க. நெல்லு கொள்முதல் நிலையத்துல போட்டா பணம் அவரு கணக்குலதான் ஏறும். தை மாசி அறுப்புல வர்ற காசுல இவ்வளவு நகைக்கடன் அசலுக்குன்னு இப்பவே ரெண்டு பேரும் பேசி வச்சுட்டாத்தான் உண்டு, காசு வந்தப்பறம் பேசுனா வண்டி வாங்கணும், காதுகுத்து வைக்கணும்னு ஆயிரம் யோசனை வந்துடும். கொஞ்சம் கோவப்படுவாரு, பரவால்ல. அதுல அவரு நெலத்துக்கு வாங்குன ஒரமும் இருக்குல்ல.

கேள்வி: பாபநாசத்துலேர்ந்து எழுதறேன் அக்கா. மூணு மாசமா கார்டு கட்டல. ராத்திரி ஒம்பது மணிக்கெல்லாம் ஏஜென்ட் போன் பண்ணி திட்டுறான், எங்க மாமாவுக்கும் போன் போட்டு சொல்லிட்டான். பாதி கட்டுனா செட்டில்மென்ட் பண்ணித் தர்றேங்குறான். கட்டலாமா?

பதில்: தம்பி, காலைல எட்டு மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேலயும் வசூலுக்கு போன் பண்ணக் கூடாது, திட்டக் கூடாது, சொந்தக்காரங்ககிட்ட சொல்லி மானத்த வாங்கவும் கூடாது. இது ரிசர்வ் வங்கி விதி. போன் வந்த தேதி நேரத்தோட பேங்குக்கு எழுத்துல புகார் குடுங்க, முப்பது நாள்ல சரியான பதில் வரலன்னா ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், கட்டணம் எதுவும் இல்ல, 14448ல கூப்ட்டா எப்படின்னு சொல்லுவாங்க. செட்டில்மென்ட்ட ஏஜென்ட் வாய்ச்சொல்ல நம்பி பண்ணாதீங்க, அவன் கையிலயோ அவன் சொல்ற நம்பருக்கோ ஒத்த ரூவா குடுக்காதீங்க. பேங்கு லெட்டர்ஹெட்டுல தொகையும் தேதியும் போட்டு வாங்கிட்டுத்தான் கட்டணும். பாதி கட்டி முடிச்சா சிபில்ல, அதாவது பேங்குங்க பாக்குற உங்க கடன் பதிவுல, முழுசா கட்டுனதா வராது, செட்டில்டுன்னுதான் நிக்கும், பின்னாடி வீட்டுக்கடன் கேக்குறப்ப இடிக்கும். முழு பாக்கியவும் கொறஞ்ச வட்டி தவணையா மாத்தித் தர முடியுமான்னு மொதல்ல பேங்குலயே நேர்ல போய் கேளுங்க, போறப்ப மாமாவ கூட்டிட்டுப் போங்க, அவருக்குத்தான் இப்ப தெரிஞ்சு போச்சே.