கூத்தும் வாசிப்பும் – கடிதமும் பதிலும்

வணக்கம் தோழர்,

செஞ்சி வட்டத்தில் சிறிய கிராமம் எங்களுடையது. அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தேன். இப்போது ஊர் நூலகத் திண்ணையில் மாலை ஐந்து முதல் ஆறரை வரை நானே ஒரு மையம் நடத்துகிறேன். மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை பதினெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். வரைகிறோம், பாடுகிறோம், நடிக்கிறோம். ஒருவரும் மட்டம் போடுவதில்லை. ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கதை வேறு. ஆறேழு பேர் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். பெரிய பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். "ஆட்டம் பாட்டம்தான் நடக்குது" என்று பெற்றோர் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்து ஊர்க் கூத்து வாத்தியார் ஒருவர் சனிக்கிழமைகளில் வரச் சம்மதித்திருக்கிறார். நண்பர்கள் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். கலையை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்க என்னதான் செய்வது?

கௌரி, செஞ்சி வட்டம்

*

வணக்கம் கௌரி தோழர்,

பெற்றோர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கலை ஆளைக் கூட்டும், தானாக எழுத்தைக் கற்றுத் தராது. 1991-இல் புதுக்கோட்டையில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் வீதி நாடகம் போட்டன, கூட்டம் கூடியது. ஆனால் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவை அதற்குப் பிறகு நடந்த வகுப்புகளும் பாடநூல்களும் தொண்டர்களும்தான். 2021 அக்டோபரில் உங்கள் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்விக்கும் கலைக்குழுக்கள்தான் முன்னால் போயின. உங்கள் மையத்தில் கூட்டம் ஏற்கெனவே கூடிவிட்டது. இனிக் கலைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு செயல்பாட்டிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: பிள்ளையின் கையில் இருக்கும் எழுத்துத் தாளைப் பிடுங்கிவிட்டால் இந்த வேலை நின்றுவிடுமா? நிற்காது என்றால் அது கலை வகுப்பு. நல்லதுதான், ஆனால் அதில் வாசிப்பு இல்லை. நீங்கள் கதை சொல்கிறீர்கள், பிள்ளைகள் படம் வரைகிறார்கள் என்று வையுங்கள். அங்கே காதுக்கும் கைக்கும் வேலை இருக்கிறது, எழுத்துக்கு இல்லை. வசனத்தை நீங்கள் வாயால் சொல்லிக் கொடுத்து அவர்கள் மனப்பாடம் செய்து நடிப்பதும் அப்படித்தான். தமிழகத்தின் பள்ளி ஆண்டுவிழா நாடகங்கள் முக்கால்வாசி இந்த வகை.

முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே ஐந்து நிமிடம் உட்கார வைத்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் அசர் (ASER) ஆய்வில் பயன்படுத்தும் ஏணியே போதும்: எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. மற்றவர்கள் காதில் விழாத இடமாக இருக்கட்டும். தப்பு எண்ணிக்கையைவிட, எங்கே தடுக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு இடங்கள். கெ, கே, கை, கொ, கோ வரிசையில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கண் அங்கே தயங்கும். இன்னொன்று நீளச் சொல். 'வந்துகொண்டிருந்தபோது' என்று சேர்த்து அச்சிட்டிருந்தால், நான்காம் வகுப்புப் பிள்ளைகூட நடுவில் மூச்சு வாங்கி, தொடக்கத்தை மறந்துவிடும்.

உங்கள் மையத்துக்கு முதன்மையான செயல்பாடாக வாசிப்பு நாடகத்தைச் சொல்வேன். வேஷம் வேண்டாம், மேடை வேண்டாம், மனப்பாடம் கூடவே கூடாது. கையில் பிரதி, குரலில் நடிப்பு, அவ்வளவுதான். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் வேகமும் சரளமும் கூடும் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979-இல் எழுதினார். ஆனால் எந்தப் பிள்ளை ஒரே பக்கத்தை நான்கு முறை படிக்கும்? ஒத்திகை என்று சொன்னால் படிக்கும்.

உங்கள் ஊர்ப் பக்கம் கூத்து இருப்பது பெரிய வசதி. கட்டியங்காரனையும் பின்பாட்டையும் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை. கதையை நடத்திச் செல்பவன் கட்டியங்காரன். சரளமாக வாசிக்கிற இரண்டு பேர் அதை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளட்டும். எழுத்துக் கூட்டுகிற ஆறேழு பேர் பின்பாட்டு, அதாவது பின்னால் நின்று சேர்ந்து பாடும் குழு. அவர்களுக்கு ஒரே வரி, ஆனால் எட்டுப் பத்து முறை வரும். கூச்சம் இருக்காது, சேர்ந்துதானே சொல்கிறார்கள். பிரதி இப்படி இருக்கலாம்:

கட்டியங்காரன்: செஞ்சிப் பேருந்து நிலையம். காலை நேரம். ஒரு சேவல் பேருந்தில் ஏறியது.
நடத்துநர்: யாருப்பா இது? சேவலுக்கு யாரு டிக்கெட் எடுக்கறது?
பின்பாட்டு: கொக்கரக்கோ! டிக்கெட் எங்கே?
சேவல்: நானே எடுக்கறேன். திண்டிவனம் ஒண்ணு குடுங்க.
பின்பாட்டு: கொக்கரக்கோ! டிக்கெட் எங்கே?

பின்பாட்டு வரியைப் பாருங்கள். கொ, கோ, கெ, கே நான்கும் அதில் இருக்கின்றன. ஒரு வாரத்தில் முப்பது நாற்பது முறை அந்த எழுத்துகள் மேல் விரல் போய்வரும். அடுத்த வாரப் பிரதியில் மே, மொ, தே, தொ வருகிற மாதிரி வேறு வரி கட்டுங்கள். கட்டியங்காரன் எழுத்துத் தமிழிலும் மற்றவர்கள் பேச்சுத் தமிழிலும் பேசுவதும் வேண்டுமென்றே செய்ததுதான். வீட்டில் 'எடுக்கறேன்' என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் 'எடுக்கிறேன்' என்பதைக் கண்டதும் அது யாரோ பேசுவது என்று நினைக்கும். தன் பேச்சும் அச்சில் ஏறும் என்று தெரிந்தால் அந்தத் தூரம் குறையும். கட்டியங்காரன் வழியாக எழுத்துத் தமிழும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். முழுவதும் பேச்சுத் தமிழில் எழுதிவிடாதீர்கள். பள்ளிப் புத்தகம் அப்படி இருக்காது.

பிரதி இருநூறு முதல் முந்நூறு சொற்களுக்குள் இருக்கட்டும், ஆறு குரல்களுக்கு அது சரியாக வரும். கணினியில் அடித்தால் 18 பாயின்ட் எழுத்து. கையால் எழுதினால் ஒரு சென்டிமீட்டர் உயரம். வரிக்கடைசியில் சொல்லை உடைக்காதீர்கள். சேர்ந்து நிற்கும் நீளச் சொற்களைப் பிரித்து எழுதுங்கள்: 'வந்து கொண்டு இருந்த போது'. இலக்கண ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. இரண்டு மாதம் கழித்து மெல்லச் சேர்த்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு பிரதி கட்டாயம். மூன்று பேருக்கு ஒரு பிரதி கொடுத்தால் ஒருவர் படிப்பார், இருவர் கேட்பார்கள்.

திங்களன்று நீங்கள் முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள், அவர்கள் விரல் வைத்துத் தொடரட்டும். செவ்வாயன்று தேறியவரும் தேறாதவருமாக இரண்டிரண்டு பேர் சேர்ந்து வாசிக்கட்டும். புதனன்று எல்லாருடைய பாத்திரத்தையும் மாற்றிவிடுங்கள், அதோடு பிரதியிலும் இரண்டு மூன்று சொற்களை மாற்றுங்கள். திண்டிவனம் விழுப்புரம் ஆகட்டும், சேவல் வாத்து ஆகட்டும். அச்சடித்த பிரதியில் பேனாவால் அடித்து மேலே எழுதினால் போதும். காதால் மனப்பாடம் செய்தவர் யார் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும், 'திண்டிவனம்' என்றே சொல்வார். திட்ட வேண்டாம், 'தாளைப் பாரு' என்றால் போதும். வியாழன் நின்று வாசிப்பது, வெள்ளி பெற்றோர் முன்னால்.

இதில் வழக்கமாகக் கெடுவது இன்னொன்று. ஒரு பிள்ளை தடுக்கியதும் பக்கத்தில் இருப்பவர் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஐந்து எண்ணும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று விதி வையுங்கள். பாதிப் பேர் மூன்றுக்குள் சொல்லிவிடுவார்கள்.

வரைவதில் ஆர்வம் உள்ள பிள்ளைகளுக்குக் காகித நாடகம். ஜப்பானில் 1930-களில் மிட்டாய் விற்பவர்கள் சைக்கிளில் மரச்சட்டம் வைத்து, படங்களை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொன்னார்கள். கமிஷிபாய் என்று பெயர். கடையில் கிடைக்கும் சார்ட் தாள் 22-க்கு 28 அங்குலம். நான்காக வெட்டினால் 11-க்கு 14 அங்குல அட்டைகள். மூன்று சார்ட்டில் பன்னிரண்டு அட்டை, ஒரு கதைக்கு அது போதும். மளிகைக் கடை அட்டைப்பெட்டியில் ஒன்பதரைக்குப் பன்னிரண்டரை அங்குலம் சன்னல் வெட்டி, பக்கவாட்டில் அட்டையை உருவ ஒரு பிளவு விட்டால் மேடை தயார்.

சூட்சுமம் பின்பக்கத்தில் இருக்கிறது. முதல் படத்துக்கான வரிகளைக் கடைசி அட்டையின் முதுகில் எழுத வேண்டும். இரண்டாம் படத்தின் வரிகள் முதல் அட்டையின் முதுகில், மூன்றாவதன் வரிகள் இரண்டாவதன் முதுகில். முன்னால் உள்ள அட்டையை உருவிப் பின்னால் செருகியதும், அடுத்த படத்துக்கான எழுத்து சொல்பவர் கண் முன் வந்து நிற்கும். இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் பிள்ளைகள் அந்தந்தப் படத்தின் பின்னாலேயே எழுதிவிடுவார்கள். பிறகு வாசிக்கவே முடியாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிப்பார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வாசிப்பு போய்விட்டிருக்கும். படத்துக்கு ஸ்கெட்ச் பேனா வேண்டாம், மறுபக்கம் ஊறும். மெழுகுக் கலர் போதும். அட்டை தொய்ந்தால் பழைய காலண்டர் அட்டையை ஒட்டலாம். மைதாப் பசையை முழுக்கப் பூசினால் காயும்போது சுருண்டுகொள்ளும். ஓரத்தில் மட்டும் பூசி, மேலே கனமாக எதையாவது வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள்.

கையடக்கப் புத்தகம் இன்னொன்று. ஒரு ஏ4 தாளை எட்டுக் கட்டமாக மடித்து விரியுங்கள். குறுக்கே பாதியாக மடித்து, மடிப்பு விளிம்பிலிருந்து நடுக்கோட்டின் மேல் ஒரு கட்ட நீளம் மட்டும் வெட்டுங்கள். விரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம். திறந்த விளிம்பிலிருந்து வெட்டினால் தவறான இடத்தில் கிழிந்து தாள் வீணாகும், முதல் நாளில் பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள். பழைய செய்தித்தாளில் பழகவிட்டு நல்ல தாளைக் கொடுங்கள். எழுதத் தெரியாத பிள்ளை சொல்லச் சொல்ல, நீங்கள் பக்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், அது படம் போடட்டும். தான் சொன்ன வரி என்பதால் அதை வாசித்துவிடும். எட்டுப் பக்கமும் தாளின் ஒரே பக்கத்தில் இருப்பதால், விரித்து ஜெராக்ஸ் எடுத்தால் எல்லாருக்கும் ஒரு பிரதி கிடைக்கும். ஒரு பிள்ளை எழுதியதை மற்ற பதினேழு பேரும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிப்பார்கள்.

நேரப் பிரிவு ரொம்பக் கறாராக வேண்டாம். ஆனால் கடைசி இருபது நிமிடம் எந்தக் கலையும் இல்லாத வெறும் புத்தக நேரமாக இருக்கட்டும். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், நாடகம் பாதியில் நின்றாலும் சரி. புத்தகங்களை அடுக்கி வைத்தால் முதுகு மட்டும்தான் தெரியும். திண்ணைத் தூண்களுக்கிடையே கயிறு கட்டி, அட்டை தெரியத் தொங்கவிடுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம், வேறு எடுக்கச் சொல்லுங்கள். பெரிய பிள்ளைகள் படம் மட்டும் பார்த்து வைப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஏழாம் வகுப்பு என்பதற்காகப் பெரிய புத்தகம் கொடுத்திருப்போம், அவர்கள் வாசிப்பு மூன்றாம் வகுப்பில் நிற்கும். வெட்கம் வராமல் இருக்க, சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பை அவர்களுக்குக் கொடுங்கள். எளிய புத்தகத்தை எடுக்க அது நல்ல சாக்கு.

புத்தகத்துக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில் சிறு புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. தலைமையாசிரியரிடம் கேளுங்கள், பல பள்ளிகளில் பீரோவில் இருக்கும். பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் படிநிலை குறித்த தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம், உரிமமும் அதை அனுமதிக்கிறது. இரண்டாயிரத்தில் பெரும்பகுதி ஜெராக்ஸுக்கே போகட்டும், மீதியில் சார்ட், மெழுகுக் கலர், பசை. வண்ண உடை, முகமூடி என்று யாராவது ஆலோசனை சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

பெற்றோருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். வாசிப்பு நாடகப் பிரதியை வியாழக்கிழமை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், ஆயாவோ அப்பாவோ கேட்டுவிட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கட்டும். எட்டு வாரம் கழித்து, முதல் வாரம் செய்த அதே சோதனையை வேறு பத்தியை வைத்துச் செய்யுங்கள். பழைய பத்தி என்றால் நினைவிலிருந்து சொல்லிவிடுவார்கள்.

கூத்து வாத்தியார் வருவது நல்ல சேதி, ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூத்து வாய்வழியாகவே சொல்லிக் கொடுக்கப்படும் கலை. அவர் ஒரு வரி பாடுவார், பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள், மூன்று வாரத்தில் பாட்டு வந்துவிடும், எழுத்தை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் அவரிடம் பாட்டை வெள்ளிக்கிழமையே ஃபோனில் கேட்டு, சார்ட்டில் பெரிதாக எழுதி மாட்டிவிடுங்கள். அவர் பாடும்போது ஒரு பிள்ளை குச்சியால் சொல் சொல்லாகத் தொட்டுக்கொண்டே போகட்டும். தாளம் வேகமெடுத்தால் குச்சி பின்தங்கும், அவரிடம் முதலிலேயே சொல்லி மெதுவாகப் பாட வையுங்கள். பங்குனிக்குப் பிறகு கோயில்களில் பாரதக் கூத்து தொடங்கிவிடும், ஆடி வரைக்கும் அவருக்கு ராத்திரி ஆட்டம், பகலில் தூக்கம். அந்தச் சனிக்கிழமைகளில் அவரை எதிர்பார்க்காதீர்கள். மாசிக்குள் ஏழெட்டுப் பாட்டைச் சார்ட்டில் ஏற்றி, அவர் குரலையும் ஃபோனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.