நாயின் முலைக்கட்டி அறிக்கையில் 'தரம் 2' என்று வந்தால், அது எவ்வளவு காலம் உயிர்வாழும்?

உங்கள் பத்து வயதுப் பெட்டை நாயின் முலைக்கட்டியை அகற்றிய பின் வந்த அறிக்கையில் 'தரம் 2' என்று இருப்பதாகவும், வீட்டார் அதை இரண்டாம் கட்டப் புற்றுநோய் என்று எண்ணிக் கலங்கியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் மிருக வைத்தியர் அல்லேன். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டில் வளர்ந்த ரோசிக்கு இதே தரம் வந்தபோது வைத்தியரிடம் கேட்டும் தேடி வாசித்தும் விளங்கிக்கொண்டதையே எழுதுகிறேன்.

தரம் வேறு, கட்டம் வேறு. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் சிகிச்சைக்குப் போய்வருபவர்கள் வழியாக 'ஸ்டேஜ்' என்ற சொல் எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் பழகிவிட்டதால், அறிக்கையில் ஓர் இலக்கத்தைக் கண்டவுடன் நோய் அவ்வளவு தூரம் பரவிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். தரமோ பரவலைச் சொல்வதில்லை. நுணுக்குக்காட்டியின் கீழ் அந்தக் கட்டியின் கலங்கள் (செல்கள்) எவ்வளவு மூர்க்கமாகத் தெரிகின்றன என்பதையே சொல்கிறது. கலங்கள் இயல்பான சுரப்பியைப் போல இன்னும் சிறு குழாய்களாக அமைந்திருக்கின்றனவா, அவற்றின் கருக்கள் பருமனிலும் வடிவத்திலும் எவ்வளவு வேறுபடுகின்றன, இழையுருப்பிரிவில், அதாவது இரண்டாகப் பிரிந்து பெருகும் நிலையில், இருக்கும் கலங்கள் எத்தனை என்ற மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 3 வரை புள்ளியிடுவார்கள். மொத்தம் 3 முதல் 5 வரை என்றால் தரம் 1, 6 அல்லது 7 என்றால் தரம் 2, 8 அல்லது 9 என்றால் தரம் 3. பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்காக 1991 இல் எல்ஸ்டனும் எல்லிஸும் செம்மைப்படுத்திய முறையை நாய்களுக்கு ஏற்றவாறு மாற்றியே இதைப் பயன்படுத்துகிறார்கள்.

தரம் 1 கட்டிகளை முழுமையாக வெட்டி எடுத்தால் பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடுகிறது. தரம் 3 கட்டிகள் விரைவில் பரவக்கூடியவை. இடையிலுள்ள தரம் 2 தனியாக நின்று எதையும் தீர்மானிப்பதில்லை என்பதால், அறிக்கையின் மற்ற வரிகளை வைத்தியருடன் இருந்து வாசியுங்கள். முதலில் நிணநீர்க் குழாய்களுக்குள்ளோ குருதிக் குழாய்களுக்குள்ளோ புற்றுக்கலங்கள் நுழைந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். என் எண்ணத்தில் தரத்தைவிடவும் கூர்ந்து பார்க்கவேண்டிய வரி அதுதான். வெட்டிய விளிம்புகளில் கட்டி மீதமுள்ளதா, கட்டி எந்த வகையைச் சேர்ந்தது என்பவையும் முக்கியம். சுரப்பிக் கலங்களுடன் அவற்றைச் சூழ்ந்த தசைசார் கலங்களும் சேர்ந்து வளரும் சிக்கல் வகை, பொதுவாக ஒரே வகைக் கலங்களால் ஆன 'எளிய' வகையைவிடச் சாதுவானது.

கட்டத்தை முடிவு செய்வது கட்டியின் பருமனும் பரவலும். 3 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் கட்டம் 1, 5 வரை கட்டம் 2, அதற்கு மேல் கட்டம் 3. நிணநீர்க் கணுவுக்குப் போயிருந்தால் கட்டம் 4, நுரையீரல் போன்ற தூரத்து உறுப்புக்குப் போயிருந்தால் கட்டம் 5. ஆகவே தரம் 2 உள்ள உங்கள் நாய் கட்டம் 1 இல் இருக்கவும் கூடும். மார்பு எக்ஸ்ரே எடுக்காமலும் கணுவைப் பரிசோதிக்காமலும் எவரும் காலக்கணக்குச் சொல்ல இயலாது.

ரோசிக்கு முன் எங்களிடம் இருந்த நாய்க்கும் இப்படி ஒரு கட்டி வந்தது. அகற்றிய கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் எறிந்துவிட்டார்கள். அனுப்பவேண்டும் என்று கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. ஏழு மாதத்தில் அது மூச்சுவிடத் திணறத் தொடங்கியபோதுதான் நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது தெரியவந்தது. அந்த வேதனையால் ரோசியின் கட்டியைக் கெடாமல் காக்கும் போமலின் திரவத்தில் இட்டுப் பேராதனை மிருக வைத்திய பீடத்துக்கு அனுப்பவேண்டும் என்று நானே வற்புறுத்தினேன். பாக்களவே இருந்த கட்டி, சுத்தமான விளிம்புகள், குழாய்களுக்குள் நுழைவு இல்லை, ஆனால் தரம் 2. அதன் பின் மூன்றரை ஆண்டுகள் எங்களுடன் வாழ்ந்து, சிறுநீரகம் பழுதடைந்தே இறந்தாள். அவளுடைய கணக்கு உங்கள் நாய்க்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

இனி ஒவ்வொரு மாதமும், நாய் மல்லாந்து படுத்திருக்கும்போது இரு பக்கத்து முலைகளையும் இடுக்குகள் வரை விரல்களால் தடவிப் பாருங்கள். மீதமிருக்கும் சுரப்பிகளில் புதிய கட்டி வருவது அரிதல்ல. முலைப்பகுதி முழுவதும் திடீரெனச் சிவந்து, சூடேறி, வீங்கி, தொட்டால் நோகுமானால் அதைச் சாதாரணச் சீழ் என்று விட்டுவிடாமல் அன்றே கொண்டுபோங்கள். குட்டி போடாமலிருக்க இங்கே பலர் போடுவிக்கும் ஹோர்மோன் ஊசி இந்த நோய்க்கான அபாயத்தைக் கூட்டுவதால், உங்கள் நாய்க்கு முன்பு அது போடப்பட்டிருந்தால் அதையும் வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள்.