பெரியப்பாவின் மார்ட்டின்: வாசிக்க விடலாமா, பூட்டி வைக்கலாமா?

கேள்வி: என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர். எழுபதுகளில் அங்கே வாங்கிய மார்ட்டின் டி-28 கிட்டாரை ஓய்வு பெற்றுப் புதுச்சேரிக்கு வந்தபோது கொண்டுவந்தார். அவர் காலமானபின் அது கடலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தது. பத்து வருஷம் பெட்டியை யாரும் திறக்கவில்லை. இப்போது என் மகன் (வயது 19) தினமும் இரண்டு மணி நேரம் வாசிக்கிறான். பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பிடித்து ஓங்கி அடிக்கிறான். மேல் பலகையில் கீறல் விழுகிறது, ஃப்ரெட்களில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) பள்ளம் தெரிகிறது. வீட்டுக்கு வந்த ஒருவர், “இதை இனிமேல் தொடவே கூடாது, பத்து லட்சம் போகும், நானே விற்றுத் தருகிறேன், வெளிநாட்டுக்கு அனுப்பத் தேவையான மரச் சான்றிதழும் எடுத்துத் தருகிறேன், முன்பணம் மட்டும் கொடுங்கள்” என்கிறார். உள்ளே 34 என்று தொடங்கும் ஆறு இலக்க எண் இருக்கிறது. என்ன செய்வது? – மஞ்சக்குப்பம் வாசகர்

பதில்: கிட்டார் பழுது பார்க்கிறவனாகச் சொல்கிறேன். தம்பி (உங்கள் மகன்) வாசிக்கட்டும். முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த எண். மார்ட்டின் கம்பெனி அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் இருக்கிறது (நம்ம தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத் இல்லை). ஒவ்வொரு கிட்டாருக்கும் வரிசையாக எண் போட்டு, எந்த வருஷம் எந்த எண்ணோடு முடிந்தது என்று வெளியிட்டும் இருக்கிறார்கள். 34 என்று தொடங்கும் ஆறு இலக்கம் என்றால் 1974-இல் செய்தது. எண் உண்மையா என்று பார்க்க, நடுத்துளை வழியாக டார்ச் அடித்து, கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் இருக்கும் மரக்கட்டையைப் பாருங்கள். எண் அந்த மரத்திலேயே அழுத்திப் பதித்திருக்க வேண்டும். ஒட்டிய காகிதத்தில் மட்டும் இருந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள். போலி மார்ட்டின்கள் நிறையச் சுற்றுகின்றன.

1974 டி-28 நல்ல கிட்டார், ஆனால் பொக்கிஷ வகை இல்லை. சேகரிப்பவர்கள் கோடிக்கணக்கில் பேசுவது 1944-க்கு முந்தைய மார்ட்டின்களைப் பற்றி. உள்ளே மேல் பலகையைத் தாங்கும் சட்டங்களைக் குடைந்து இலேசாக்கும் வழக்கத்தை 1944-இல் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் செய்தவற்றுக்குத்தான் அந்த மவுசு. எழுபதுகளில் ஏராளமாகச் செய்து தள்ளினார்கள். உங்களுடையதற்கு நல்ல நிலையில் இரண்டு, மூன்று லட்சம் என்றால் நம்பலாம். பத்து லட்சம் என்று ஒருவர் வாயைத் திறந்தாலே அவர் விற்கப்போவது கிட்டாரை இல்லை, உங்கள் ஆசையை. இந்த ஆட்கள் எல்லோருக்கும் ஒரே வழிமுறைதான். முதலில் விலையை ஆகாயத்துக்கு ஏற்றுவார்கள், முன்பணம் வாங்குவார்கள், இரண்டு மாதம் கழித்து “ஃப்ரெட் தேய்ந்திருக்கிறதாம், கீறல் இருக்கிறதாம், எண்பதாயிரத்துக்குத்தான் கேட்கிறார்கள்” என்பார்கள். அதற்குள் உங்களுக்கும் அலுத்திருக்கும், கொடுத்துவிடுவீர்கள். இப்படிக் கைமாறிப்போன மூன்று கிட்டார்களின் கதை எனக்குத் தெரியும். மூன்றும் புதுச்சேரி சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள்) வீடுகளிலிருந்து போனவை.

இப்போது தேய்மானம். ஃப்ரெட் பள்ளம் விழுவதைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். வீட்டில் அம்மி இருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அரைத்து அரைத்து வழவழப்பானால் “அம்மி கொத்தறதேய்” என்று தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுக் கொத்திக்கொள்வோம். தேயுமே என்று அரைக்காமல் இருந்தோமா? ஃப்ரெட் அப்படித்தான். தேய்வதற்கென்றே வைத்த மென்மையான கம்பி அது. இரண்டு மூன்று முறை சமன்செய்து மேல்முனையை உருண்டையாக்கிக் கொடுக்கலாம், உயரம் போதாமல் போனால் பிடுங்கிவிட்டுப் புதிது அடிக்கலாம். ஒழுங்காகச் செய்தால் கிட்டாரின் மதிப்புக் குறையாது.

கீறலும் அப்படியே. பிக் பட்டு வந்த கீறல் மேல்பூச்சில் இருக்கிறது, பலகையின் பலத்தில் இல்லை. வில்லி நெல்சன் என்ற அமெரிக்கப் பாடகர் 1969-இல் வாங்கிய மார்ட்டின் என்-20 கிட்டாரில், வாசித்து வாசித்து நடுத்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளையே விழுந்துவிட்டது. மனிதர் அதையேதான் தொடர்ந்து வாசிக்கிறார். அது நைலான் தந்திக் கிட்டார், விரலால் மீட்டச் செய்தது, காப்புத் தகடு கிடையாது. அதில் பிக் பிடித்து அடித்தால் துளை விழத்தான் செய்யும். உங்களுடையதில் கறுப்புத் தகடு இருக்கிறது.

அந்தத் தகட்டைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கீறலை விட்டுவிட்டு இதைப் பாருங்கள். எழுபதுகளின் மார்ட்டின்களில் பூச்சு அடிப்பதற்கு முன்பே தகட்டை வெறும் மரத்தில் ஒட்டிவிடுவார்கள். வருஷம் போகப்போக பிளாஸ்டிக் சுருங்கும், மரத்தையும் சேர்த்து இழுக்கும். கடைசியில் தகட்டின் ஓரத்தையொட்டி நடுத்துளைக்கும், தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் மயிரிழை போல ஒரு விரிசல் வரும். ஜன்னல் ஓரம் கொண்டுபோய், வெளிச்சம் பலகைமேல் சாய்வாக விழும்படி பிடித்து, நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் விரிசல். உடனே வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொண்டுவாருங்கள். உள்ளேயிருந்து சின்ன மரத்துண்டுகள் ஒட்டிச் சரிசெய்துவிடலாம். இது பெட்டிக்குள்ளேயே தூங்கும் கிட்டாருக்கும் வரும். தம்பி அடித்ததால் வந்தது என்று திட்டாதீர்கள்.

பூட்டி வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறோம் அல்லவா? முழு டியூனிங்கில் இருக்கும் ஆறு தந்தியும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. கிட்டத்தட்ட ஒரு நெல் மூட்டை. பத்து வருஷம் அந்த மூட்டையைச் சுமந்துகொண்டே அது அலமாரியில் நின்றிருக்கிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை லேசாகப் புடைத்திருக்கும், கழுத்தும் முன்பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் தொடமாட்டீர்கள் என்றால் தந்திகளை ஒரு சுருதி இறக்கி வையுங்கள். வாசிக்கும் வீட்டில் யாராவது தினமும் அதைப் பார்க்கிறார்கள், துடைக்கிறார்கள், சத்தம் மாறினால் கவனிக்கிறார்கள். என்னிடம் கவலைக்கிடமாக வந்தவற்றில் பெரும்பாலானவை பத்திரமாக வைக்கப்பட்டவை. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு வந்த கிட்டார்களை நான் மறக்கவே மாட்டேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்தபின்னும் மின்சாரம் இல்லாததால் ஒரு வாரம் யாரும் திறக்கவில்லை. திறந்தபோது முதுகுப் பலகை தனியாகக் கழன்று கையோடு வந்தது. ஃபெஞ்சலுக்கும் அதே கதைதான். தரையில் வைக்காதீர்கள், வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள்.

கிட்டார் மரத்துக்குப் பிடித்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். நம்ம கடற்கரையில் எழுபது, எண்பது சாதாரணம். ஐப்பசி, கார்த்திகையில் சொல்லவே வேண்டாம். ஈரம் ஏறினால் பலகை ஊதி தந்தி உயர்ந்துவிடும். ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையில் வைத்துவிட்டுக் காலையில் வெளியே எடுத்தால் மரம் ஒரே நாளில் இரண்டு பக்கமும் இழுபடும். சின்ன ஈரமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் போடுங்கள், சில நூறு ரூபாய்தான். வாங்கியதும் அதை நம்பிவிடாதீர்கள். பாட்டில் மூடியில் ஒரு ஸ்பூன் தூள் உப்பு போட்டு, சேறு மாதிரி ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப்புகாத கவரில் போட்டு ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் எப்போதும் ஏழைக் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் அரிசி முடிச்சு போடச் சொல்வார்கள், வேண்டாம், வண்டு வரும். அந்துருண்டையும் வேண்டாம். ரப்பர் பிடிமானம் உள்ள ஸ்டாண்டில் நிறுத்தாதீர்கள். உங்கள் கிட்டாரில் இருக்கும் லாக்கர் பூச்சு ரப்பரோடு சேர்ந்து இளகி, கறுப்புத் தழும்பு விழுந்துவிடும். அதைப் போக்க முடியாது.

சில்வர் பீச்சுக்கு எடுத்துப்போகிறானா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் கடலூர்ப் பையன் போகாமல் இருக்க மாட்டான். அதற்கு ஐயாயிரம் ரூபாய் கிட்டார் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுப் போவது மட்டும் மன்னிக்க முடியாத குற்றம். உள்ளே அறுபது டிகிரியைத் தாண்டும், பசை இளகும், பிரிட்ஜ் எழும்பிவிடும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தரகர் பிடித்துத் தொங்குவது அதைத்தான். டி-28-இன் முதுகும் பக்கங்களும் 1969 வரை பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தில் செய்தார்கள். அந்த வருஷம் இந்திய ஈட்டிக்கு மாறினார்கள், அதாவது நம்ம தோதகத்திக்கு. உங்கள் கிட்டாரின் முதுகு ஒருவேளை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கப்பலேறிப் போய்த் திரும்பி வந்த மரமாகவே இருக்கலாம். பிரேசில் ஈட்டி 1992-லிருந்து சைட்டிஸ் (அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது. அந்த மரத்தில் செய்த கிட்டாரை அனுமதித் தாள் இல்லாமல் எல்லை தாண்டி எடுத்துப்போனால் பறிமுதல்தான். அதைப் பொறுத்தவரை ஓங்கி அடிக்காதே, மேல்பூச்சைத் தொடாதே, ஒரு திருகாணியைக்கூட மாற்றாதே என்று நானே சொல்வேன். உங்களுடையது அது இல்லை. 2017 ஜனவரி 2-இல் மற்ற எல்லா ஈட்டி வகைகளையும் ஒரேயடியாக இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். வாத்தியக்காரர்கள் உலகம் முழுக்க அல்லாடினார்கள். கச்சேரிக்குப் போகிறவன் மரக் கடத்தல்காரன் மாதிரி கைகட்டி நின்றான். இந்த இரண்டாம் பட்டியல் மரங்களில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். செய்தி வந்து இத்தனை வருஷமாகியும் சுங்கக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது, அந்த இருட்டில்தான் “சான்றிதழ்” வியாபாரம் நடக்கிறது. நான் ஒரு சுருள் ஃப்ரெட் கம்பி வரவழைத்தேன். அது என்ன கம்பி, எதற்கு, மின்கம்பியா என்று விளக்கக் கடிதம் கேட்டே மூன்று வாரம் போயிற்று. கம்பியின் விலையைவிடக் கூரியருக்கும் வரிக்கும் கொடுத்தது அதிகம்.

இன்னொரு பொறி, பழுது பார்க்கிறேன் என்று வருபவர்கள். தந்தி உயரமாக இருக்கிறது என்று எங்கேயாவது கொண்டுபோனால், “கழுத்துக்குள்ளே கம்பி இருக்கு, திருகிச் சரி பண்ணிடலாம்” என்பார்கள். மார்ட்டினில் திருகும் கம்பி 1985-இல்தான் வந்தது. உங்கள் கிட்டாரின் கழுத்துக்குள் இருப்பது அசையாத எஃகுக் குழாய், திருக அதில் ஒன்றும் இல்லை. இல்லாத திருகாணியைத் தேடி ஒருவர் உள்ளே ஸ்பானர் விட்டுக் குடைந்த கிட்டார் என்னிடம் வந்திருக்கிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் தலையில் ஸ்கேலை நிறுத்தித் தடித்த தந்தியின் அடிப்பக்கம்வரை அளந்து பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் என்றால் சுகம். மூன்றரையைத் தாண்டி, பிரிட்ஜில் இருக்கும் வெள்ளைத் துண்டையும் மேலே தெரியாத அளவுக்கு ஏற்கெனவே இழைத்துவிட்டிருந்தால், ஆவி கொடுத்துக் கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்த வேண்டும். ஐம்பது வயதுக் கிட்டாருக்கு அது நோய் இல்லை, வயசு. செலவாகும், ஆனால் தச்சரிடம் கொடுக்காதீர்கள். எவ்வளவு நல்ல தச்சராக இருந்தாலும், அவர் திரும்பக் கழற்ற முடியாதபடி ஒட்டிவிடுவார், அவர் தொழில் தர்மம் அது. “பாலிஷ் போட்டுப் புதுசாக்கித் தரேன்” என்பவரை வாசற்படியோடு அனுப்பிவிடுங்கள். தம்பி இருபது வருஷம் வாசித்துக் குறைக்கும் மதிப்பைவிட அந்த ஒரு நாள் பாலிஷ் அதிகம் குறைக்கும்.

ஃப்ரெட்டைச் சமன்செய்ய வரும்போது தம்பியையும் கூட்டி வாருங்கள். அவன் எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறான், பிக் எந்தக் கோணத்தில் விழுகிறது என்று பத்து நிமிஷம் பார்த்தால்தான் எவ்வளவு இழைக்கலாம் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வருவதானால் தந்திகளை இரண்டு சுருதி இறக்கி, பெட்டியை மடியோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிக்கியில் போடக் கூடாது. தோளில் போடும் துண்டு ஒன்றும், பழைய வேட்டித் துணி ஒன்றும் எடுத்து வரட்டும், வாசித்து முடித்ததும் வியர்வையை எப்படித் துடைப்பது என்று காட்டித் தருகிறேன்.